ஆற்றோரக் கட்டுமானமும் வெள்ள மட்டமும்: ஹெக்-ராஸ் எப்படி இருக்கிறது?

ஆற்றங்கரையில் ஒரு சுவரோ பாலமோ, மண் கொட்டி மேடாக்கிய மனையோ வந்தால் வெள்ளம் எவ்வளவு ஏறும்? ‘கொஞ்சம் ஏறும்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது, எத்தனை சென்டிமீட்டர், ஆறு வரும் மேல்புறத்தில் எவ்வளவு தூரம் வரை என்று எண்ணில் சொல்லியாக வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது ஹெக்-ராஸ் (HEC-RAS). அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் 1995-இல் முதலில் வெளியிட்ட மென்பொருள், இன்றும் இலவசம். விண்டோஸ் கணினி வேண்டும்.

வேலை இதுதான்: இப்போதிருக்கும் ஆற்றின் குறுக்குவெட்டுகளை, அதாவது கரைக்குக் கரை ஆற்றின் வடிவத்தை, இடத்துக்கு இடம் கொடுத்து ஓட்டுவது, அதையே நகலெடுத்துக் கட்டடத்தைத் தடையாக வைத்து அதே வெள்ள அளவுக்கு மறுபடி ஓட்டுவது, இரண்டையும் கழிப்பது. முதல்முறை நான் கட்டடத்துக்குச் சற்று மேல்புறத்திலேயே குறுக்குவெட்டுகளை முடித்துவிட்டு, பாதிப்பு அவ்வளவாக இல்லை என்று சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனம். சமவெளி ஆற்றில் குறுகிய இடத்திலேயே தண்ணீர் வேகமெடுத்து மட்டம் சற்று இறங்கக்கூட செய்யும். ஏற்றம் தெரிவது அதற்கு மேல்புறத்தில், சரிவு குறைவாக இருந்தால் வெகுதூரம் வரை.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. நிலையான ஓட்டம் (நேரத்தோடு மாறாத ஓட்டம்) என்ற வசதியில் மட்டும் ஓட்டினால் மேடாக்கிய நிலத்தின் ஒரு பாதிப்பு கண்ணிலேயே படாது, ஏனென்றால் அங்கே வெள்ளத்தின் உச்ச அளவை நாமே கொடுத்துவிடுகிறோம், வெள்ளச் சமவெளியில் தண்ணீர் தேங்கி அந்த உச்சம் தணிவது கணக்கில் வருவதேயில்லை. தேங்கும் இடத்தை மண்ணால் நிரப்பினால் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருப்பவர்களுக்குத்தான் உச்சம் கூடும். அதைப் பார்க்க, நேரத்தோடு மாறும் ஓட்டமாக ஓட்ட வேண்டும். மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாம். கொஞ்சம் பொறுமையும் வேண்டும், பாதியில் கணக்கு நிலைகுலைந்து நின்றுபோவது சகஜம்.

2016-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இருபரிமாணக் கணக்கும் உண்டு. கட்டடங்களைச் சுற்றித் தண்ணீர் எப்படி வளைந்து போகிறது என்று பார்க்க அருமை. ஒன்று மட்டும்: கணக்குக்காகத் தரையைப் பிரிக்கும் வலைக் கட்டங்களின் விளிம்பைச் சுவரோடு பொருத்தி வைக்கவில்லை என்றால், தண்ணீர் சுவரே இல்லாதது போல ஊடுருவிப் போகும். வண்ண வரைபடம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்!

அப்புறம் மேனிங் எண், அதாவது ஆற்றின் சொரசொரப்பைக் குறிக்கும் எண். அதை 0.030-இலிருந்து 0.035 ஆக்கினால் மட்டம் மாறுவது, பல நேரம் நீங்கள் ஆராயும் சுவரால் வரும் மாற்றத்தைவிட அதிகம். அதனால் ஹெக்-ராஸ் காட்டும் மட்டத்தைக் கல்வெட்டாக நம்ப மாட்டேன். முன்னும் பின்னும் ஒரே அனுமானங்களோடு ஓட்டிக் கிடைக்கும் வித்தியாசத்தை ஓரளவு நம்புவேன், அதுவும் மேனிங் எண்ணைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்த பிறகு.

நிறுவியவுடன் பாலம் வரையப் போகாதீர்கள். அதற்கான மாதிரித் திட்டங்களில் ஒன்றைத் திறந்து, கரையை நகர்த்தி, மட்டம் எங்கே ஏறுகிறது என்று ஒரு நாள் விளையாடிப் பாருங்கள்.