ஸ்பானிஷ் உறவுமுறைச் சொற்கள்: மூன்றரை வருடம் படித்த அனுபவம்

என் தங்கை 2021-இல் மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் சிரித்த முகமாகக் கை அசைப்பார்கள். யார் மாப்பிள்ளையின் அக்கா, யார் அவருடைய சித்தி என்று எங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா ஒவ்வொருவரையும் காட்டி, "இவங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும் என்றுதான் 2022 பொங்கல் முடிந்ததும் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தேன். முழு மொழியும் கற்றுக்கொள்ளும் எண்ணம் அப்போது இல்லை. அந்த வீட்டில் யாருக்கு யார் என்ன வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

இதே வேலையில் இறங்க நினைக்கும் தமிழ்க்காரர்களுக்கு எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நான்கு மாதம் ஒரு இலவச ஆப். தினமும் பத்து நிமிடம். ஆங்கிலச் சொல்லைக் காட்டி ஸ்பானிஷ் சொல்லைக் கேட்கும். அங்கிள் என்றால் 'தியோ', கசின் என்றால் 'ப்ரிமோ', பிரதர் இன் லா என்றால் 'குஞாதோ'. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் தட்டினேன். ஆனால் வீடியோ அழைப்பில் வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வராது. காரணம் பிடிபட ரொம்ப நாள் ஆனது. என் மனதில் அங்கிள் என்று ஒரு ஆளே கிடையாது. சித்தப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார். மாப்பிள்ளையின் சொந்தக்காரரைப் பார்த்ததும் மனது தமிழில் ஒரு முறையைப் பிடிக்கும், அதை ஆங்கிலத்தில் சுருக்கும், அப்புறம் ஸ்பானிஷுக்குப் போகும். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். இவ்வளவு சுற்று வழி எதற்கு?

மே மாதம் அங்கி என்ற ஃபிளாஷ்கார்டு மென்பொருளுக்கு மாறினேன். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம், ஐபோனில் ஒரு முறை காசு கட்டி வாங்க வேண்டும். நாமே அட்டை எழுதிக்கொள்ளலாம். தெரிந்த அட்டை நாள் தள்ளித் தள்ளி வரும், தெரியாதது அடிக்கடி வரும். ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, முன்பக்கம் தமிழும் பின்பக்கம் ஸ்பானிஷும் எழுதினேன். அம்மாயி என்றால் 'அபுவேலா', பேத்தி என்றால் 'நியேதா'. வேகம் கூடியது. ஆனால் ஒரு அட்டை மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரே அட்டையை எட்டு தடவை மறந்துவிட்டால் அங்கி அதை 'லீச்' என்று குறியிட்டுவிடும். லீச் என்றால் அட்டைப்பூச்சி. அட்டையே அட்டையாக ஒட்டிக்கொண்டு நேரத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த அட்டையில் எழுதியிருந்தது: மருமகன்.

மகளின் புருஷன் மருமகன். ஒரு ஆணுக்கு அவனுடைய அக்கா தங்கை பையனும் மருமகன்தான். ஸ்பானிஷில் முதலாமவர் 'யெர்னோ', இரண்டாமவன் 'சோப்ரினோ'. தங்கைக்குப் பையன் பிறந்தால் எனக்கு அவன் சோப்ரினோ, அம்மாவுக்கோ மாப்பிள்ளைதான் யெர்னோ. அட்டை மருமகன் என்று மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? இப்படியே மாமா என்றால் 'தியோ'வும் உண்டு, மாமனாரான 'சுவேக்ரோ'வும் உண்டு. மச்சான் என்றால் அத்தை பையனான ப்ரிமோவா, பெண்டாட்டியின் தம்பியான குஞாதோவா? மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த சொற்கள் நம்முடையவை. ரத்த உறவும் சம்பந்த உறவும் ஒரே பெயரில் நிற்கும். ஸ்பானிஷ் அந்த இடத்தில்தான் கோடு போட்டுப் பிரிக்கிறது. நாம் கோடு போட்டுப் பிரிக்கும் இடத்தில், அதாவது அண்ணனா தம்பியா, அப்பா வழியா அம்மா வழியா என்னும் இடத்தில், அது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறது.

ஆகவே சொல்லுக்குச் சொல் என்ற வழியையே விட்டேன். முன்பக்கம் படம் வைத்தேன். தங்கையிடமிருந்து குடும்பப் புகைப்படங்களை வாங்கி, ஒரு ஆளைச் சுற்றி வட்டம் போட்டு, இன்னொரு ஆளிடமிருந்து அம்புக்குறி இழுத்தேன். 'மாப்பிள்ளைக்கு இவர்?' என்பதுதான் கேள்வி. பின்பக்கம் 'எஸ் சு குஞாதா', அவருடைய கொழுந்தியாள் என்று முழு வாக்கியம். எங்கள் வீட்டுப் படங்களையும் சேர்த்தேன். எல்லாம் சேர்த்து 120 அட்டை. இரண்டே மாதத்தில் அழைப்பில் வாய் திறந்தது. இந்த மூன்றரை வருடத்தில் உருப்படியாக ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்: தெரிந்த மனிதர்களின் படத்தை வைத்துப் படியுங்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பானிஷின் 'த' நம் த மாதிரிப் பல்லில் நாக்குப் படும் ஒலி, ட கிடையாது. குஞாதோவில் வரும் ஞ நம் ஞானத்தில் இருக்கும் அதே ஞ. அதில் கடைசியில் வரும் தோ, அதுவில் வரும் து போல மெலிந்து ஒலிக்கும். இரண்டு உயிருக்கு நடுவே வல்லினம் மெலிவது நமக்குப் பிறவியிலேயே பழக்கம் என்பதால் யோசிக்காமலே சரியாக வரும். ஆங்கில எழுத்தில் குறிப்பெடுத்த காலத்தில் நான் இதைக் குன்யாடோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தியோ பற்றி இன்னும் கொஞ்சம். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலுக்குச் சிறு வயதிலிருந்து 2017 வரை பயிற்சி கொடுத்த டோனி நடால், அவருக்கு அப்பாவின் சகோதரர். பார்சிலோனா அணிக்குக் கால்பந்து ஆடிய மிகுவேல் ஆங்கெல் நடாலும் அப்பாவின் சகோதரர்தான். இருவரும் தியோ. தமிழில் அவர்களை மாமா என்று எழுதினால் தப்பு. பெரியப்பா அல்லது சித்தப்பா என்று எழுத அண்ணன் தம்பி வரிசை தெரிய வேண்டும், அதைத் தியோ சொல்லாது. இத்தனைக்கும் ஸ்பானிஷின் தாய்மொழியான லத்தீன் இதில் நம்மைப் போலத்தான் இருந்தது. அப்பாவின் சகோதரர் 'பாத்ருவுஸ்', தாய்மாமன் 'அவுன்குலுஸ்', அத்தை 'அமிதா', அம்மாவின் சகோதரி 'மாதெர்தெரா' என்று நான்கு சொல் வைத்திருந்தது. கிரேக்கத்திலிருந்து வந்த தியோவும் தியாவும் நான்கையும் விழுங்கிவிட்டன. இதைப் படித்த பிறகு அந்தச் சொல் அந்நியமாகப் படவில்லை.

ஆண்பால் பன்மையில் கவனமாக இருங்கள். 'எர்மானோஸ்' என்றால் சகோதரர்கள் மட்டுமல்ல, உடன்பிறந்தவர்கள் எல்லோரும். "எர்மானோஸ் இருக்கிறார்களா?" என்று மாப்பிள்ளையின் பாட்டி முதல் தடவை கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருடைய பேரனின் மனைவியே என் தங்கை. பாட்டி திகைத்துப் போனார். அதே மாதிரி 'பாத்ரேஸ்' என்றால் அப்பா அம்மா இருவரும். 'பரியேன்தேஸ்' என்றால் சொந்தக்காரர்கள், ஆங்கில ஒலியைக் கேட்டுப் பெற்றோர் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்சிகோவில் அடுத்தவரின் அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'து மாத்ரே' என்பதைத் தவிர்த்து 'து மமா' என்று சொல்லுங்கள். மாத்ரே என்ற சொல்லில் ஏகப்பட்ட வசவுகள் தொங்குகின்றன, தொனி பிசகினால் சண்டையாகிவிடும். எந்த ஆப்பும் இதை எனக்குச் சொல்லவில்லை, தங்கை சொன்னாள்.

பெரியவர்களிடம் 'உஸ்தேத்', அதாவது நீங்கள். மாப்பிள்ளை வீட்டில் மருமகள்கள் மாமனாரை அப்படித்தான் பேசுகிறார்கள். நமக்கு இது கைவந்த கலை.

2024 அக்டோபர் கடைசியில் அம்மாவும் நானும் புவெப்லா போனோம், ஐந்து வாரம். போன இரண்டாம் நாளே வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு சந்தேகம். தங்கை என்னை "அண்ணா" என்று கூப்பிடுகிறாளே, அது பொம்பளைப் பேராச்சே? ஆனா என்பது அங்கே பெண் பெயர். உட்காரவைத்து விளக்கினேன்: அது பெயர் இல்லை, 'எர்மானோ மயோர்', மூத்த சகோதரன். அண்ணனுக்குத் தனியாக ஒரு சொல்லா என்று அவர்களுக்கு ஆச்சரியம். தங்கை மகன் என்னை "மாமா" என்று கூப்பிட்டதும் இன்னொரு குழப்பம். அவர்கள் காதில் அது அம்மா. எதிர்த் திசையில் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. மெக்சிகோவில் சில பகுதிகளில் தாத்தாவை 'தாதா' என்பார்கள். மிச்சோவகான் மாநிலத்தில் மரியாதையாக அப்பா போன்றவரையும் அப்படிச் சொல்வதுண்டு, முன்னாள் ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸைத் 'தாதா லாசரோ' என்றே மக்கள் அழைத்தார்கள்.

அங்கே போன பிறகுதான் என் 120 அட்டைகளில் என்ன குறை என்று தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் என் அம்மாவின் தோளில் கை போட்டு, "மி கொன்சுவேக்ரா" என்றார். இந்தச் சொல்லை நான் பார்த்ததே இல்லை. ஆங்கிலம் வழியாகப் படித்த எந்தப் பட்டியலிலும் அது இருக்க வழியில்லை, ஆங்கிலத்தில் அந்த உறவுக்குப் பெயரே கிடையாது. சுவேக்ரா என்றால் மாமியார், முன்னால் 'கொன்', அதாவது கூட. இரண்டு மாமியார்கள். சம்பந்தி! அம்மாவிடம் சொன்னேன். "அட, அவங்களுக்கும் இருக்குதா?" என்று அவர் முகம் அப்படி மலர்ந்தது. அடுத்து நானே தேட ஆரம்பித்தேன். சகலைக்குக் 'கொன்குஞோ' இருந்தது. ஓரகத்திக்குக் 'கொன்குஞா'. ஆங்கிலத்தை நடுவில் வைத்திருந்தவரை இந்தக் கதவுகள் எனக்குத் திறக்கவே இல்லை.

நம்மிடம் இல்லாத ஒன்றும் அங்கே இருக்கிறது. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு 'பத்ரினோ', 'மத்ரினா' என்று ஞானப்பெற்றோர் வைக்கிறார்கள். அது நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கும் தெரிந்ததே. ஆனால் அதோடு நிற்பதில்லை. குழந்தையின் அப்பாவும் பத்ரினோவும் ஒருவரை ஒருவர் 'கொம்பாத்ரே' என்று ஆயுள் முழுக்க அழைத்துக்கொள்கிறார்கள், பெண்கள் 'கொமாத்ரே'. குழந்தையை முன்னிட்டுப் பெரியவர்களுக்குள் பிறக்கும் உறவு. மாப்பிள்ளையின் ப்ரிமா கல்யாணத்தில் பார்த்தேன்: மணமக்கள் தோளில் கயிறு போடும் 'லாசோ'வுக்கு ஒரு ஜோடி பத்ரினோ, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் 13 காசுகளான 'ஆர்ராஸு'க்கு ஒரு ஜோடி, கேக்குக்குக்கூட ஒரு ஜோடி. தாய்மாமன் சீர் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

இன்றைய நிலவரம்: தினமும் ஐந்து நிமிடம்தான் அங்கி. அட்டைகள் 180-ஐத் தாண்டிவிட்டன. குடும்பப் பேச்சு முக்கால்வாசி புரிகிறது, வேகமாகப் பேசினால் இன்னும் தடுமாற்றம்தான். இலக்கணத்தைத் தள்ளிப்போட்டது என் பெரிய தவறு. சொல் வந்தாலும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு 'இரு'க்களில் எது என்று தடுக்கியது. சொற்களோடு சேர்த்தே படித்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு இந்த முறை மட்டும் போதாது. மருமகளாகவோ மாப்பிள்ளையாகவோ ஒரு ஸ்பானிஷ் பேசும் வீட்டுக்குள் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 1-க்கு முதல் நாள் ராத்திரி அவர்கள் வீட்டில் 'ஓஃப்ரேந்தா' வைத்தார்கள். இறந்தவர்களுக்கான படையல். மேஜையில் அடுக்கடுக்காகத் துணி விரித்து, வெட்டுக்காகிதத் தோரணம், மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், உப்பு, ரொட்டி. எங்கும் செண்டுமல்லி. அந்தப் பூவுக்குப் பூர்வீகமே மெக்சிகோதான் என்றதும் அம்மா நம்பவில்லை, சத்தியமங்கலம் பூ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு படமாகத் தொட்டு எங்களுக்குச் சொன்னார். 'மி மமா'. 'மி அபுவேலோ'. பழுத்துப்போன ஒரு படத்தைக் காட்டி 'மி பிஸபுவேலா', பூட்டி. ஒவ்வொன்றையும் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன், ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

கடைசி அடுக்கில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், எங்கள் அப்பாவின் படம் இருந்தது. 2023-இல் தவறிவிட்டார். அந்த அம்மாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை, வீடியோவில் கும்பிட்டதோடு சரி. தங்கை கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"மி கொன்சுவேக்ரோ" என்றார் அவர், அதே தொனியில்.

"என்ன சொல்றாங்க கண்ணு?" என்றார் அம்மா.

"என் சம்பந்திங்கறாங்கம்மா."

அம்மா தட்டிலிருந்து ஒரு செண்டுமல்லியை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தார். சம்பந்தியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு புது அட்டை எழுதினேன். முன்பக்கம் அப்பா படம், மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து ஓர் அம்புக்குறி.