தொங்கும் பாதத்துக்கு ரெடிமேட் லீஃப் ஏஎஃப்ஓ: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

பக்கவாதத்துக்குப் பிறகு நடக்கத் தொடங்குகிறவர்களில் பலருக்கு முன்பாதம் தூக்க வராமல் தொங்கும், கால்விரல் தரையில் இழுபடும். அதைச் சமாளிக்க இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாகச் சுழற்றி வைப்பார்கள். சர்ஜிக்கல் கடைகளில் இதற்குக் கிடைப்பது லீஃப் ஏஎஃப்ஓ (AFO, கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கருவி) என்ற மெல்லிய பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட். கெண்டைக்காலுக்குப் பின்னால் பட்டையாக இறங்கி, குதிகாலை ஒட்டி உள்ளங்காலுக்கு அடியில் போகும். இடது, வலது தனித்தனி. ஏற்ற காலுக்கு அருமையான பொருள். காலைப் பார்க்காமல் செருப்பு அளவை மட்டும் சொல்லி வாங்குவதால்தான் பாதி ஸ்பிளின்ட் பீரோவுக்குள் போகிறது.

வாங்கும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒரு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும். முழங்காலை நீட்டி வைத்து, பாதத்தைக் கையால் மெதுவாக மேலே தள்ளினால் 90 டிகிரிக்கு வருகிறதா? வந்தால் சரி. வராவிட்டாலோ, வேகமாகத் தள்ளும்போது பாதம் விட்டுவிட்டுத் துடித்தாலோ, உள்பக்கமாகத் திருகிக்கொண்டாலோ இந்த மாடல் வேண்டவே வேண்டாம். கணுக்கால் பகுதியில் குறுகலாக வெட்டியிருப்பதால்தான் இது வளைந்து கொடுக்கிறது. அதனாலேயே இறுகிய கெண்டைத் தசையை எதிர்த்து நிற்காது. குதிகால் மேலே எழும்பும், தோல் உரசிப் புண்ணாகும். அவர்களுக்கு பிளாஸ்டர் அச்சு எடுத்துச் செய்யும் கெட்டியான ஏஎஃப்ஓ, அல்லது கணுக்காலில் கீல் வைத்தது. ஊன்றும்போது முழங்கால் பின்பக்கம் வளைகிறவர்களும் அச்சு எடுத்ததற்கே போக வேண்டும். அதில் ஆர்த்தோட்டிஸ்ட் (இத்தகைய கருவிகளைச் செய்து பொருத்துபவர்) கணுக்கால் கோணத்தைச் சில டிகிரி மாற்றினாலே முழங்காலின் நிலை மாறும்.

போடும்போது உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் பின்னால் அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் பட்டியை இறுக்குங்கள். உள்ளே சுருக்கமில்லாத நீளமான காட்டன் சாக்ஸ் வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். ஸ்பிளின்டின் மேல்விளிம்பு அதற்கு இரண்டு விரல் கீழேயே நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. அது அழுந்தினால் பாதம் இன்னும் தொங்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியபின் கணுக்கால் முண்டுகள், சுண்டுவிரல் பக்கம், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி போடாமல் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது. அதனால் வீட்டில் ஒருவர் தினமும் கண்ணால் பார்ப்பது கட்டாயம்.

ஷூ சரியில்லாவிட்டால் ஸ்பிளின்ட் வேலை செய்யாது. பின்பக்கம் மூடியதாக, வாய் அகலமாகத் திறக்கும் வெல்க்ரோ ஷூ, அரை அல்லது ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். குதி உயரம் மாறினால் முழங்கால் முன்னும் பின்னும் தள்ளப்படும், எனவே ஷூவை மாற்றும்போதெல்லாம் நடையைத் திரும்பப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் இங்கே பெரிய ஆபத்து: டைல்ஸ் தரையில் வெறும் பிளாஸ்டிக் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட இன்னொரு ஜோடி ஷூ வாங்கி வையுங்கள், பாத்ரூமுக்குச் சுவரில் கைப்பிடி போடுங்கள்.

பலன் உண்டா என்பதை 10 மீட்டர் நடையில் அளக்கலாம். துணைக்கு ஒருவர் நிற்க, ஸ்பிளின்டோடும் அது இல்லாமலும் ஷூவுடன் நடக்கவிட்டு நேரம் எடுங்கள். 25 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், அதற்கும் மெதுவாக நடப்பவர்களின் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். 0.8 மீட்டரைத் தாண்டினால் தெருவில் தடையின்றிப் போய்வரலாம். வேகம் கூடாவிட்டாலும் கால்விரல் தட்டுவது நின்றிருந்தால் அதுவும் லாபம்தான்.

ஸ்பிளின்ட் வந்ததும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கெண்டைத் தசையை நீட்டுவதும், பாதத்தைத் தூக்க முயல்வதும், உட்கார்ந்து எழுவதும் தினமும் தொடர வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கணுக்கால் வளைவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடப்போகிறது என்று அர்த்தம், அன்றே மாற்றுங்கள்.