பழைய இன்னோவாவுக்கு டீசல் ஃபில்டர்: ஷோரூம் சாமானா, கடை சாமானா?

முதல்லயே சொல்லிடறேன், இது 2005ல இருந்து 2016 வரைக்கும் வந்த பழைய இன்னோவா, 2.5 லிட்டர் டி-ஃபோர்-டி இன்ஜின், அது வெச்சிருக்கறவங்களுக்குத்தான் முழுசா ஒத்துவரும். அதுக்கப்புறம் வந்த இன்னோவா கிரிஸ்டா வெச்சிருக்கறவங்க சும்மா படிச்சுட்டுப் போலாம். எங்க வண்டி 15 வருஷம் முடிஞ்சு ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி ரினிவல் பண்ணி ஓடிட்டிருக்கு, சொந்த வண்டிதான், டிராவல்ஸ் கெடையாது. ஆனா பொள்ளாச்சி வால்பாறைன்னு மலை ஏறி எறங்கற வண்டி, டீசல் சுத்தமா போகலன்னா அந்த 40 கொண்டை ஊசி வளைவுல நல்லாவே காட்டிக் குடுத்துரும்.

ஃபில்டர் மாத்தற வேலைய இப்ப வீட்லயே பண்றேன். ஏன்னா ஒரு ஒர்க்ஷாப்ல பில்லுல ஃபில்டர் மாத்துனதா போட்டிருந்தான், ஃபில்டர் காசும் லேபரும் தனித்தனியா, வீட்டுக்கு வந்து பாத்தா ஃபில்டர் மேல இருக்கற புழுதி கூட கலையல, ஒரு கைரேகை இல்ல. எந்தக் கடைன்னு கேக்காதீங்க, சண்ட போட்டு முடிச்சாச்சு. அதுக்கப்புறம் கம்பெனி சாமான், பேர் தெரிஞ்ச வெளி கம்பெனி சாமான், ஆன்லைன்ல வந்த பேர் தெரியாத சாமான்னு மூணு ரகமும் போட்டுப் பாத்துட்டேன், அதனால ஒப்பிட்டுச் சொல்ல முடியும்னு நெனைக்கறேன்.

ஃபில்டர் எப்படி இருக்கும்னா, பொலேரோ மாதிரி டப்பாவோட கழட்டிப் போடற ஃபில்டர் கெடையாது இது. மேல ஒரு ஹெட், அதுல கையால அமுக்கற பம்ப், கீழ ஒரு கப், அந்தக் கப்புக்குள்ள பேப்பர் எலிமென்ட். கப்புக்கு அடியில தண்ணி சென்சார், தண்ணி எறக்கற பிளக். நீங்க கடையில வாங்கறது அந்த எலிமென்ட்டும் கப்புக்கான ஓ-ரிங்கும் (லீக் ஆகாம இருக்கப் போடற ரப்பர் வளையம்) மட்டும்தான். சைஸ் பாத்தா டம்ளர் அளவுதான் இருக்கும், இதுக்கா இவ்ளோ காசுன்னு தோணும்.

இவ்ளோ காசு ஏன்னா, இந்த இன்ஜின் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து ஹை பிரஷர்ல டீசல் போற ரகம். டீசல ஆயிரம் பார் பிரஷருக்கு மேல அழுத்தி இன்ஜெக்டர் வழியா பீச்சுது, அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு சைஸ்தான். பழைய அம்பாசிடர் டீசல் இன்ஜின்ல ஓடுன மாதிரி கொஞ்சம் தூசி போனாலும் பரவால்லன்னு விட முடியாது. ஹை பிரஷர் பம்ப்ல எஸ்சிவின்னு ஒரு வால்வு இருக்கு, பம்புக்குள்ள எவ்ளோ டீசல் விடணும்னு அதுதான் கணக்கு வெக்கும், குப்பையும் தண்ணியும் போச்சுன்னா மொதல்ல அடிவாங்கறது அது. ஐடில்ல ஆர்பிஎம் ஏறி எறங்கும், சிக்னல்ல நிக்கறப்ப சும்மா ஆஃப் ஆகும், ஏத்தத்துல இழுவை போயிரும். அப்புறம் இன்ஜெக்டர். நாலு இன்ஜெக்டர் மாத்தற செலவ விசாரிச்சுப் பாருங்க, ஃபில்டர் வெல அதுக்கப்புறம் பெருசாவே தெரியாது.

இப்ப சாமானுக்கு வரேன். டொயோட்டா பாக்ஸ்ல வர்ற ஒரிஜினல் எலிமென்ட். கையில எடுத்தவுடனே தெரியும், மடிப்பு எல்லாம் ஒரே சீரா இருக்கும், ஒரு மடிப்பு இன்னொண்ணு மேல சாஞ்சு கெடக்காது. நடு ஓட்டைல ஒரு ரப்பர் இருக்கும், ஹெட்ல இருக்கற குழாய்ல ஏத்துறப்ப கொஞ்சம் இறுக்கமா, ஒரு சின்ன தடங்கலோட உள்ள போயி உக்காரும். இந்த இறுக்கத்துக்குத்தான் நாம காசு குடுக்கறோம். பேப்பர் எவ்ளோ நல்ல பேப்பரா இருந்தாலும் இந்த எடத்துல லூசா இருந்தா டீசல் பேப்பர் வழியா போகாது, சுளுவான வழி இருக்கறப்ப அது ஏன் கஷ்டப்படணும், ரப்பர் ஓரமா நழுவி நேரா பம்புக்குப் போயிரும். ஃபில்டர் மாத்துன மாதிரியும் இருக்கும், மாத்தாத மாதிரியும் இருக்கும்.

ஆன்லைன்ல வந்த பேர் தெரியாதது இந்த எடத்துலதான் ஃபெயில். வெல ஒரிஜினல்ல பாதி கூட இல்ல, படத்துல பாத்தா அச்சு அசல். கையில வெச்சுப் பாத்தா நடு ரப்பர் கெட்டியா பிளாஸ்டிக் மாதிரி, குழாய்ல போட்டா தொபுக்குனு உள்ள எறங்குது, விட்டா தானா கீழ விழுது. கூட வந்த ஓ-ரிங்க பழைய ஓ-ரிங் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், தடிமன் கம்மி. சரி போட்டுதான் பாப்போமேன்னு போட்டேன், ரெண்டே நாள்ல காலைல ஸ்டார்ட்டிங் டிரபிள். செல்ஃப் அடிச்சா சுத்துது சுத்துது, பிடிக்க மாட்டேங்குது, ஒரு தடவ பிடிச்சுட்டா அன்னைக்குப் பூரா ஒண்ணும் இல்ல.

இதுல ஒரு விஷயம் பலபேருக்குத் தெரியாது. இந்த வண்டில டேங்க்குக்குள்ள தள்ளுற பம்ப் கெடையாது, இன்ஜின்ல இருக்கற பம்ப்தான் டேங்க்ல இருந்து டீசல உறிஞ்சுது, நடுவுல ஃபில்டர். அப்ப ஃபில்டர்ல லீக் இருந்தா டீசல் வெளிய சொட்டும்னு கீழ எட்டிப் பாத்துட்டு, காஞ்சுதான இருக்கு, லீக் இல்லன்னு முடிவு பண்ணிராதீங்க. வெளிய சொட்டறத விட உள்ள காத்து இழுக்கும். ராத்திரி பூரா அந்தக் காத்து மேல ஏற, லைன்ல இருக்கற டீசல் பின்னாடி டேங்க்குக்கு எறங்கிப் போயிருக்கும், காலைல பம்ப் காத்தத்தான் மொதல்ல குடிக்கும். மெக்கானிக்க கூப்ட்டா பேட்டரி வீக்கும்பாரு, செல்ஃப் மோட்டார்ம்பாரு, குளோ பிளக்கும்பாரு. காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த ஹேண்ட் பம்ப அமுக்கிப் பாருங்க, லொட லொடன்னு எறங்குச்சுன்னா காத்து, கல்லு மாதிரி நின்னா லைன் ஃபுல்லா இருக்கு. எனக்கு லொட லொட. கழட்டி ஒரிஜினல் போட்டதும் அந்தப் பிரச்சனையே போச்சு.

கழட்டுனத அப்படியே தூக்கிப் போட மனசு வரல. பழைய ஒரிஜினலும் இதும் ரெண்டையும் ஆக்சா பிளேடு வெச்சு அறுத்து பேப்பர விரிச்சுப் போட்டேன். ஒரிஜினல் பேப்பர் விரிக்க விரிக்க வந்துட்டே இருக்கு, வெளிப்பக்கம் பூரா கறுப்பு, உள்பக்கம் வெள்ளக்காரன் மாதிரி வெளுப்பு. அதாவது குப்பைய வெளியவே நிறுத்திருக்கு. மத்தது பாதி நீளம் கூட வரல, மடிப்ப நெருக்கமா காட்டணும்னு ரெண்டு ஓரத்துலயும் மட்டும் பசை வெச்சு ஒட்டிருக்கான், நடுவுல மடிப்பெல்லாம் பப்பரப்பேன்னு விரிஞ்சு கெடக்கு. அதுலயும் மேல் ஓரத்துல ரப்பர் பக்கத்துல உள்பக்கம் ஒரு கறுப்பு வளையம், டீசல் எந்த வழியா நழுவிருக்குன்னு அதுவே சொல்லிருச்சு.

பாஷ், பியூரோலேட்டர் மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனி சாமானுக்கு வந்தா, நான் போட்டதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ரப்பர் மெதுவா இருந்துச்சு, நல்லா உக்காந்துச்சு, ஏர் பிரச்சனை வரல, வெலயும் கொஞ்சம் கம்மி. ஆனா இதுலயும் டூப்ளிகேட் ஓடுது, ஒரிஜினல் டொயோட்டா பாக்ஸ்லயே டூப்ளிகேட் ஓடறப்ப இதுல ஓடாதா. அதனால எது வாங்குனாலும் ஆன்லைன் வேணாம்ங்கறது என் கட்சி. டீலர் கவுண்டர்லயோ நல்லா தெரிஞ்ச ஸ்பேர்ஸ் கடையிலயோ சேசிஸ் நம்பர் குடுத்து வாங்குங்க, பாக்ஸ அங்கயே பிரிங்க, நடு ரப்பர நகத்தால அமுக்கிப் பாருங்க, ஓ-ரிங் உள்ள இருக்கான்னு பாருங்க. கடைக்காரர் மொறைப்பாரு, பரவால்ல. சென்னைல இருக்கறவங்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கு, ஒரே தெருவுல நாலு கடை ஏறி எறங்கி வெல கேக்கலாம், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

மாத்தற வேலை எப்படின்னு கேட்டா, பொறுமை இருந்தா காலை டிபனுக்கு முன்னாடி முடிச்சரலாம். இன்ஜின் ஆறி இருக்கணும். ஹெட்ட பிராக்கெட்ல இருந்து கழட்டிட்டா வேலை சுளுவு, அங்கயே வெச்சுத் திருகறேன்னா கை போக எடம் பத்தாது. மொதல்ல அடி பிளக்க லூஸ் பண்ணி கப்ல இருக்கற டீசல ஒரு பாட்டில்ல எறக்குங்க, சென்சார் வயர் சாக்கெட்ட மறக்காம கழட்டிருங்க, அது அந்துபோனா செலவு. கப் நல்லா புடிச்சுட்டு இருக்கும், ஸ்ட்ராப் ரெஞ்ச் (பட்டை சுத்திப் புடிச்சுத் திருகற ஸ்பேனர்) போட்டுத் திருகுங்க, ஸ்க்ரூடிரைவர் வெச்சு சுத்தியல்ல தட்டற வேலையெல்லாம் வேணாம். கீழ பனியன் வேஸ்ட் நிறைய போட்டு வெச்சுக்கங்க, டீசல் ரப்பர் ஹோஸ் மேலயும் பெல்ட் மேலயும் பட்டா ரப்பர் ஊதி கெட்டுப்போகும்.

எறக்குன டீசல கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஒரு மணி நேரம் அசையாம வெச்சுட்டுப் பாருங்க. எனக்கு அடியில சின்ன கோலிகுண்டு சைஸ்ல தண்ணி உருண்டு உருண்டு ஓடுச்சு, அதுக்கும் டீசலுக்கும் நடுவுல சளி மாதிரி ஒரு கறுப்புப் படலம். அது சும்மா அழுக்கு இல்லீங்க, தண்ணியும் டீசலும் சேர்ற எடத்துல கிருமி வளரும், அதோட எச்சம். மழக்காலத்துல கால் டேங்க்கோட வண்டிய நிறுத்தி வெச்சா காத்துல இருக்கற ஈரம் டேங்க்குள்ள வேர்த்து தண்ணியா எறங்கும், அதனால ரொம்ப நாள் நிறுத்தறதா இருந்தா டேங்க் ஃபுல் பண்ணிட்டு நிறுத்துங்க. டேஷ்போர்டுல ஃபில்டர் லைட் எரிஞ்சா உடனே எலிமென்ட் மாத்தணும்னு இல்ல, மொதல்ல அடி பிளக் லூஸ் பண்ணி தண்ணிய எறக்கிப் பாருங்க, பாதிப்பேருக்கு அதுலயே அணைஞ்சுரும்.

புது ஓ-ரிங்குக்கு நல்ல டீசல் கொஞ்சம் தடவிப் போடுங்க, காஞ்ச ரப்பர் முறுக்கிக்கும். கப்ப கையால இறுக்குனா போதும். சில வீடியோல எலிமென்ட் நடு ஓட்டைல கேன்ல இருந்து டீசல் ஊத்தி நிரப்பறாங்க, அத மட்டும் பண்ணாதீங்க. டீசல் வெளிப்பக்கத்துல இருந்து பேப்பர் வழியா நடுவுக்கு வந்து அங்க இருந்து பம்புக்குப் போகுது, நடுவுல ஊத்துனா ஃபில்டர் ஆகாத டீசல நேரா பம்புக்கு ஊட்டி விடற மாதிரி. ஹேண்ட் பம்ப் எதுக்கு இருக்கு? எல்லாம் மாட்டிட்டு அத அமுக்கிட்டே இருங்க, மொதல்ல காத்து மாதிரி போகும், அப்புறம் பாரம் ஏறும், கட்டைவிரல் வலிக்கற அளவு கெட்டியானதும் நிறுத்திக்கங்க. அப்புறம் செல்ஃப், பத்து செகண்டுக்கு மேல சேர்த்து அடிக்காதீங்க, விட்டு விட்டு அடிங்க. ஏர் எடுக்கறேன்னு பழைய வண்டி பழக்கத்துல இன்ஜெக்டர் பைப் நட்ட லூஸ் பண்றவங்க இன்னமும் இருக்காங்க, காமன் ரெயில்ல அது வெளயாட்டு இல்ல, அந்த பிரஷர்ல பீச்சுற டீசல் தோலக் கிழிச்சு உள்ள போயிரும், ஆஸ்பத்திரி கேஸ்.

கடைசியா கப் மேல மார்க்கர்ல தேதியும் கிலோமீட்டரும் எழுதிருங்க. நான் 20,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்திடறேன், சீக்கிரம்னு சொல்றவங்க சொல்லட்டும். 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்6 டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10க்கு வந்துருச்சு, டீசல் இப்ப சுத்தம்தானன்னு கேப்பாங்க, கந்தகம் வேற, பங்க் டேங்க்ல சேர்ற தண்ணியும் துருவும் வேற.

ஸ்டார் குடுக்கணும்னா ஒரிஜினலுக்கு நாலரை, அந்த அரை வெலைக்காக கொறச்சது. பேர் தெரிஞ்ச வெளி கம்பெனிக்கு நாலு. பேர் தெரியாததுக்கு ஒண்ணு, அதும் பாக்ஸ் நல்லா இருந்துச்சுங்கறதுக்காக. லேபர் மிச்சமாகுதுல்ல, அந்தக் காச சாமான்ல போட்டு நல்லதா வாங்குங்க. பெட்ரோல் வண்டிக்கு இதே மாதிரி வீட்ல பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு: இப்ப வர்ற பெரும்பாலான பெட்ரோல் கார்ல ஃபில்டர் டேங்க்குக்குள்ள பம்போடவே இருக்கு, லைன்ல பிரஷரும் நிக்கும், பெட்ரோல் ஆவி வேற. அத ஒர்க்ஷாப்லயே விட்ருங்க, ஆனா பக்கத்துலயே நின்னு பாருங்க.