கழக உலகக் கிண்ணத்துக்காக விடிய விடியத் திறந்திருந்த தேநீர்க்கடை

திருகோணமலை நகரில் இரவு பத்து மணிக்குப் பின்னர் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்க இடம் தேடுகிறவருக்குத் தெரிவுகள் அதிகமில்லை. அதனால்தான், 2025 ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவில் நடைபெற்ற பீஃபா கழக உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளைக் காண்பிப்பதற்காக, ஏகாம்பரம் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் உள்ள சின்னத் தேநீர்க்கடை ஒரு மாதம் முழுவதும் இரவில் திறந்திருக்கப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, பந்தை விடத் தேநீரை நினைத்தே நான் முதல்நாள் அங்கு போனேன். அந்தக் கடையின் பெயர்ப்பலகை வெயிலிலும் உப்புக்காற்றிலும் எழுத்தழிந்து கிடப்பதாலும், உரிமையாளர் அதைப் பற்றிக் கவலைப்படாததாலும், இந்த மதிப்பீட்டில் அதற்குப் பெயரில்லை.

ஏற்பாடு எளிமையானது. கடையின் பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்து, எதிரே ஒரு மேசையில் புரொஜெக்டரை வைத்து, நடுவில் இருந்த மணல் முற்றத்தில் இருபத்தைந்து பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். 63 ஆட்டங்களையும் டசோன் நிறுவனம் உலகம் முழுவதற்கும் இணையத்தில் இலவசமாகத் தந்திருந்ததால், கடைக்காரர் நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஓர் ஆட்டத்துக்கு ஒரு தேநீராவது குடிக்க வேண்டும் என்பது மட்டுமே எழுதப்படாத சட்டம். பிளேன்ரீ ஐம்பது ரூபா, பால்தேநீர் நூற்றிருபது ரூபா. கச்சான் காற்று பகல் முழுவதும் அனலாக வீசிய மாதம் என்பதால், இரவில் அந்தத் திறந்த முற்றத்தில் இருப்பதே வீட்டில் மின்விசிறிக்குக் கீழே புரள்வதை விடச் சுகமாக இருந்தது.

இத்தகைய கடையை எடைபோடுவதற்கு நேரக்கணக்கை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நண்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 9.30, அங்கே பிற்பகல் மூன்று என்றால் இங்கே நள்ளிரவு கடந்து 12.30, அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. கடைக்காரர் இதை நன்கு உணர்ந்தவர். 9.30 ஆட்டத்துக்குக் கொத்துரொட்டி, 12.30 ஆட்டத்துக்கு ரோல்ஸும் இஞ்சி போட்ட பிளேன்ரீயும், காலை ஆட்டத்துக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் என்று உணவை நேரத்தோடு பொருத்தி வைத்திருந்தார். ஆனால் காலை ஆட்டங்களில்தான் அவருடைய ஏற்பாடு சறுக்கியது. வெயில் ஏறிய பின் புரொஜெக்டர் பயன்படாது என்பதால், கடைக்குள் இருந்த 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. அதற்கும் பார்ப்பவர்களுக்கும் இடையில் இடியப்பப் பார்சலுக்கு வந்தவர்களின் வரிசை நின்றது. ஜூலை 1ஆம் திகதி காலை, சவூதி அரேபியாவின் அல் ஹிலால் கழகம் மேலதிக நேரத்தில் இங்கிலாந்தின் மென்செஸ்டர் சிட்டியை 4-3 என வீழ்த்திய ஆட்டத்தை, அந்தத் தொடரின் மிகப்பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றை, நான் யாரோ ஒருவருடைய தோளுக்கும் பார்சல் பைக்கும் இடையில்தான் பார்த்தேன். மார்க்கோஸ் லியனார்டோ போட்ட வெற்றிக் கோல் நேரத்தில் பாதிப்பேர் அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார்கள்.

இந்தப் போட்டித் தொடரைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய வெற்றிக் கழகமும் தென்னமெரிக்க வெற்றிக் கழகமும் மட்டும் மோதிய கண்டங்களிடைக் கிண்ணம் 1960இல் தொடங்கியது; முதலாவதில் ரியல் மட்ரிட் உருகுவேயின் பெனரோலை வென்றது. 1980 முதல் அது ஜப்பானில் ஒரே ஆட்டமாக நடந்து, 2004உடன் முடிந்தது. ஏனைய கண்டங்களையும் சேர்த்துக்கொண்ட பீஃபாவின் தொடர் 2000இல் பிரேசிலில் ஆரம்பமாகி, நடுவில் தடைப்பட்டு, 2005இலிருந்து பெரும்பாலும் ஆறேழு கழகங்களுடன் ஆண்டுதோறும் நடந்தது. 2025இல் அதையே 32 கழகங்களாகவும், நான்காண்டுக்கு ஒருமுறை என்றும், 100 கோடி டொலர் பரிசுத் தொகை என்றும் ஊதிப் பெருப்பித்தார்கள். கண்டங்களின் சம்பியன்கள் மோதும் களம் என்று சொல்லிக்கொண்டே ஐரோப்பாவுக்கு மட்டும் பன்னிரண்டு இடங்களை ஒதுக்கியது எனக்கு இன்றும் உவப்பாக இல்லை. ஓசியானியாவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம்.

அந்த ஓர் இடத்தில் வந்த நியூசிலாந்தின் ஓக்லண்ட் சிட்டிதான் எங்கள் முற்றத்தின் செல்லப்பிள்ளை ஆனது. வேலைக்குப் போய்க்கொண்டு விளையாடுகிறவர்களின் கழகம் அது. விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஜூன் 15 இரவு பேயர்ன் மியூனிக் அவர்களுக்கு எதிராகப் பத்துக் கோல்கள் அடித்தபோது, ஏழாவது கோலுக்குப் பிறகு கடையில் எவரும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், "தம்பி, நாங்களும் உப்பிடித்தான் கொழும்புக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பிளேன்ரீ கேட்டார். பத்து நாட்கள் கழித்து, நள்ளிரவு ஆட்டத்தில், ஆசிரியப் பயிற்சியில் இருந்த ஓக்லண்ட் வீரர் கிறிஸ்டியன் கிரே தலையால் முட்டிய பந்து ஆர்ஜென்டினாவின் பொக்கா ஜூனியர்ஸின் வலைக்குள் போய் ஆட்டம் 1-1 என முடிந்தது. அன்று அங்கு இருந்தவர்கள் ஒன்பது பேர். கடைக்காரர் ஒன்பது பேருக்கும் காசு வாங்காமல் தேநீர் கொடுத்தார். பெரிய பெயர்கள் விளையாடாத இரவுகளில்தான் இந்தக் கடை மிகச் சிறப்பாக இயங்கியது என்பதற்கு இதை விட நல்ல சான்று என்னிடம் இல்லை.

என்றாலும், இந்தக் கடையை எனக்கு உண்மையில் அறிமுகப்படுத்தியது ஜூன் 29, ஞாயிறு விடியற்காலை. சார்லட் நகரில் செல்சியும் பென்ஃபிகாவும் மோதிய ஆட்டம் நமது நேரப்படி 1.30க்குத் தொடங்கியது. றீஸ் ஜேம்ஸின் நேரடி உதையால் செல்சி 1-0 என முன்னிலையில் இருக்க, முழுநேரத்துக்கு ஏறக்குறைய நான்கு நிமிடங்களே மீதமிருந்தபோது, மின்னல் அபாயம் என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். மைதானத்திலிருந்து எட்டு மைல் சுற்றுக்குள் மின்னல் விழுந்தால் அரை மணித்தியாலம் நிறுத்த வேண்டும், இன்னொன்று விழுந்தால் அந்த அரை மணித்தியாலம் மறுபடி முதலிலிருந்து என்பது அங்குள்ள நடைமுறை. மாரியில் சேற்றுக்குள் விளையாடிப் பழகிய ஊருக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருந்தது. காத்திருப்பு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நீண்டது. வேறு கடையாக இருந்தால் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். இவர் அடுப்பில் புதுத் தண்ணீர் வைத்தார். ஒழுங்கை முனையில் வாழைப்பழத் தோல் வாளியை இரண்டு புள்ளிமான்கள் முகர்ந்துகொண்டு நின்றன. திருகோணமலைக்காரருக்கு அது அதிசயமல்ல என்பதால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுபஹு பாங்கொலி கேட்டபோது இரண்டு பேர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பியும் வந்தார்கள். ஆட்டம் அப்போதும் தொடங்கியிருக்கவில்லை.

தொடங்கிய சில நிமிடங்களில் பென்ஃபிகாவின் டி மரியா தண்டனை உதையில் சமப்படுத்தினார். மேலதிக நேரம் வந்தது. கிழக்கே கடற்பக்கம் வெளுக்கவும் தொடங்கிவிட்டது. சுவரிலிருந்த படம் மெல்ல மெல்லக் கரைந்தது. முதலில் புல்லின் பச்சை போனது, பிறகு சட்டைகளின் நிறம், கடைசியில் பந்து. கடைக்காரரும் அவருடைய மகனும் மீன் லொறியொன்றிலிருந்து இரவல் வாங்கிய நீலத் தறப்பாளைச் சுவருக்கு மேலே கூரைபோல விரித்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிழலுக்குள் செல்சி அடித்த மூன்று கோல்களையும் நாங்கள் பார்த்தோம். அவர்கள் இருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை. 4-1 என ஆட்டம் முடியும்போது காலை ஆறு மணி கடந்திருந்தது.

உணவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மீன் ரோல்ஸ் நன்று. மிளகு தாராளம், வெளிப்புறம் கரகரப்பு. கொத்துரொட்டியில் எண்ணெய் கூடுதல், அதைத் தொட்டுக்கொள்ளத் தரும் குழம்பு தண்ணீர். தேநீர் மட்டும் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை ஒரே பதத்தில் இருந்தது. சாயம் இறங்கும்வரை பொறுமையாக நிற்கிற கை அது.

இணையவழி ஒளிபரப்பு சற்றுப் பிந்தியே வரும் என்பதால், கைபேசியில் கோல் அறிவித்தல் முந்திக்கொண்டு வருவது இத்தகைய இடங்களின் பொதுவான தொல்லை. இங்கே வாசலில் ஒரு வெற்றிலைத் தட்டு வைத்து, ஆட்டம் முடியும்வரை கைபேசிகளை அதில் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். இளைஞர்கள் முதலில் முணுமுணுத்தார்கள்; மூன்றாம் நாளில் அவர்களே புதிதாக வருகிறவர்களிடம் தட்டை நீட்டினார்கள்.

குறை சொல்ல வேண்டியது இறுதியாட்ட இரவைப் பற்றியே. ஜூலை 14 அதிகாலை 12.30க்குச் செல்சியும் பரிஸ் சாங் ஜெர்மைனும் மோதவிருந்த ஆட்டத்துக்கு, கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும்கூட ஆட்கள் வந்து, இருபத்தைந்து கதிரைகள் இருந்த முற்றத்தில் எண்பது பேர் நின்றார்கள். அதுவரை இல்லாத விதமாக, 1200 ரூபாவுக்குக் கோழிக்கொத்தும் குளிர்பானமும் கட்டாயம் என்று ஓர் அட்டை தொங்கியது. ஒரு மாதமாக வந்துபோன எங்களுக்கும் அதே விதிதான். தட்டு வைத்துக் கைபேசி வாங்குவதையும் கைவிட்டிருந்தார்கள். ஆகவே செல்சி வீரர் பாமர் அடித்த முதலிரண்டு கோல்களும் சுவரில் விழுவதற்கு முன்னரே பின்வரிசையின் கூச்சலாக எங்களுக்குக் கிடைத்தன. முதற்பாதியிலேயே 3-0. இசை நிகழ்ச்சிக்காக இடைவேளையை வழமையை விட நீட்டியிருந்தும், கட்டாயக் கொத்து என் கைக்கு வந்தது இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரத்தின் பின்னர், அதுவும் ஆறியிருந்தது. மறுநாள் இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "பிழைதான் ஐயா, மச்சான்மார் சொன்னதைக் கேட்டுப் போட்டன்" என்றார். கொத்துக் காசில் பாதியைத் திருப்பித் தரவும் வந்தார். நான் வாங்கவில்லை.

பெரிய தொடர் இனி 2029இல்தான். ஆனால் கண்டங்களின் சம்பியன்கள் மட்டும் மோதும், பழைய பெயரையே கொண்ட புதிய கண்டங்களிடைக் கிண்ணத்தை பீஃபா 2024இலிருந்து ஆண்டுதோறும் நடத்துகிறது. முதலாவதன் இறுதியாட்டத்தில் ரியல் மட்ரிட் மெக்சிகோவின் பச்சூக்காவை 3-0 என வென்றது டிசெம்பர் மாதத்தில். டிசெம்பர் இங்கே மழைக்காலம் என்பதால், முற்றத்துக்கு மேலே தகரக் கொட்டில் போடப்போவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போகிறவர்கள் சுவரிலிருந்து மூன்றாவது வரிசையில், அடுப்புப் பக்கம் உட்காருங்கள். படம் தெளிவாகத் தெரிவது அங்கிருந்துதான். தேநீரும் முதலில் அங்கேதான் வரும்.