கொடிக்குக் கொழுகொம்பான கோபுரம்: தஞ்சோங் பகாரின் ஒயேசியா ஹோட்டல்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தின் பெயருக்கு மலாய் மொழியில் கழிகள் நட்ட முனை என்று பொருள் சொல்வார்கள். ஒரு காலத்தில் கடல் தொட்டுக்கொண்டிருந்த கரை இது. தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மூட்டை சுமந்த கப்பல்துறையும் இங்கேதான் இருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வளர்ந்துவிட்டதால், இன்று எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலேறி வருபவருக்கு அலை தெரியாது. நீலமும் சாம்பலுமான கண்ணாடிக் கட்டடங்களும், அவற்றின் நடுவே சிவப்பு வலை போர்த்து நிற்கும் ஒரு கோபுரமும்தான் தெரியும்.

2016இல் திறக்கப்பட்ட ஒயேசியா ஹோட்டல் டவுன்டவுன் என்னும் இக்கோபுரத்தை வடிவமைத்தவர்கள், வோங் முன் சும், ரிச்சர்ட் ஹாஸல் இருவரும் நடத்தும் சிங்கப்பூர் நிறுவனமான வோஹா. உயர்ந்த கட்டடங்களுக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்று 2018இல் இதையே உலகின் மிகச் சிறந்த உயர் கட்டடமாகத் தேர்ந்தெடுத்தது. படங்களில் பார்க்கும்போது எல்லோர் கண்ணும் சிவப்பு அலுமினிய வலைமீதும் அதில் படரும் கொடிகள்மீதும்தான் நிற்கிறது. நேரில் பார்த்தபின் என் எண்ணம் வேறு: இந்தக் கட்டடத்தின் சிறப்பு அதன் மேற்போர்வையைவிட, உள்ளே காலியாக விடப்பட்ட இடங்களில் இருக்கிறது.

மாடிகள் 27 மட்டுமே. உயரமோ ஏறத்தாழ 190 மீட்டர். மிஞ்சிய உயரமெல்லாம் வானத்துத் தோட்டங்களுக்குப் போயிருக்கிறது. பொதுவாக லிஃப்டும் படிக்கட்டும் கட்டடத்தின் நடுவில் ஒரே தூணாக நிற்கும். இங்கே அவற்றை நான்கு மூலைகளுக்கும் பிரித்துத் தள்ளியிருப்பதால் நடுப்பகுதி திறந்துகொள்கிறது. அலுவலகம், ஹோட்டல் அறைகள், உயர்தர அறைகள் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கங்கள் திறந்த, பல மாடி உயரமுள்ள ஒரு தாழ்வாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மேலடுக்கே கீழுள்ளதற்குக் கூரையாகி நிழல் தருகிறது. காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. ஆண்டு முழுவதும் புழுக்கம் விடாத ஊரில், நிழலும் காற்றோட்டமும் அமைந்துவிட்டால் குளிரூட்டி இல்லாமலே உட்கார்ந்திருக்க முடியும் என்பது திண்ணையும் முற்றமும் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதை நகர நடுவில், அவ்வளவு உயரத்தில் செய்து காட்டியிருப்பதுதான் புதுமை. கண்ணாடியால் இறுக மூடப்பட்ட பக்கத்துக் கோபுரங்களால் இதைச் செய்ய முடியாது.

கொடிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வலையில் மட்டும் 21 வகைக் கொடிகள் ஏறுகின்றன. வெயில் விழும் திசைக்கும் காற்றின் வேகத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் தனக்கு ஒத்த இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பதால், பச்சை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் திட்டுத்திட்டாகவும் இருக்கிறது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒழுங்கின்மைதான் பிடித்தது. வலையே சிவப்பின் பல சாயல்களில் இருப்பதால் இலை இல்லாத இடமும் வெறுமையாகத் தோன்றுவதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி கணக்குப் பார்க்கவில்லை. இங்கே கணக்கும் இருக்கிறது. மனையின் பரப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பசுமையைக் கட்டடத்தில் வளர்த்திருப்பதாக வடிவமைத்தவர்கள் கூறுகிறார்கள்.

குறை என்று நான் சொல்வது வேறு. தங்கும் அறைகள் வழக்கமான குளிரூட்டிய ஹோட்டல் அறைகளே. தாழ்வாரத்தில் கிடைக்கும் காற்று அறைக்குள் வருவதில்லை. ஆகவே இதை முழுமையான பசுமைக் கட்டடம் என்று புகழ்வதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. இன்னொன்று, இந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் தங்குபவர்களுக்கும் உள்ளே வேலை செய்பவர்களுக்கும் உரியவை. சற்றுத் தொலைவில், அரசு வீடமைப்புத் திட்டமான பினக்கிள்@டக்ஸ்டனின் 50ஆம் மாடிப் பாலத்தில் வெளியாரும் கட்டணம் செலுத்தி நடக்கலாம். தெருவில் போகிறவருக்கு ஒயேசியா தருவது பார்வைக் குளிர்ச்சி மட்டுமே.

தங்குவதற்குப் போகிறவர்கள் அறையின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். 27ஆம் மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே கூரைக்குப் பதிலாக, கொடி ஏறிய வலையே உயர்ந்து சுற்றி நின்று மேலே வானத்தை விட்டுவைக்கிறது. வெயில் தாழ்ந்தபின் மாலையில் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கொடுத்த வாடகையில் பாதிக்குக் கணக்குச் சரியாகிவிடும்.