கறள் பிடித்த சைலன்சர் குழாய்க்குச் சின்ன காஸ் டோர்ச்: நட்டுக்குச் சரி, குழாய்க்கு?

கையடக்க அடுப்புக்குப் போடுகிற 220 கிராம் பியூட்டேன் ரின்னில் பூட்டிச் சுவாலையால் இரும்பைக் காய்ச்சப் பாவிக்கிற டோர்ச் தலையைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது, பெரிய பெயர் ஒன்றும் இல்லாத சாமான். எங்கள் பழைய கன்டர் லொறியின் எக்ஸோஸ்ட் (புகை) குழாயையும் சைலன்சர் பெட்டியையும் பிரித்தெடுக்கவென்று வாங்கினேன். வீட்டு முற்றத்தில் சொந்தமாக லொறி வேலை பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பிளாஞ்ச் நட்டுகளுக்கு (குழாய் முனைத் தட்டுகளைச் சேர்த்துப் பூட்டுகிறவை) வாங்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகின குழாய் மூட்டை இதை மட்டும் நம்பிக் கழற்ற இறங்க வேண்டாம்.

எங்கள் ஊரில் இந்த வேலை ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும். குருநகரில் மீன்பெட்டி ஏற்றினால் ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் பலகை இடுக்கால் சேசிஸ் முழுக்க வடியும், பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய் வந்தால் இரண்டு பக்கமும் உப்புக்காற்று. வெளியால் மட்டும் அரிக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். டீசல் எரிந்தாலே தண்ணீர் ஆவியும் சேர்ந்துதான் வரும், கிட்டத்து ஓட்டங்கள் மட்டும் ஓடுகிற லொறியில் சைலன்சர் பெட்டி வடிவாகச் சூடேறாமல் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகி நின்று அரிக்கும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, 2025இல் மறுபடி திறக்கும்வரை, கையில் இருந்த பழைய லொறியைத்தானே எல்லோரும் ஒட்டி ஒட்டி ஓடினோம். அதனால் இப்போது கீழே படுத்துப் பார்த்தால் நட்டு எது, போல்ட் எது என்று பிரித்தறிய முடியாத கறள் கட்டிகள்.

முதலில் ஸ்பிரே. டபிள்யூடி-40 எல்லோர் வீட்டிலும் ஒரு ரின் இருக்கும், நல்ல சாமான், ஆனால் 1953இல் அதைச் செய்ததே ஈரத்தை விலக்கிக் கறள் வராமல் காக்கத்தான். பிடித்துப்போன கறளுக்குள் இறங்கவென்றே தனியாகப் பெனிட்ரேட்டிங் எண்ணெய் வருகிறது, அந்த நிறுவனமே அதையும் தனியாக விற்கிறது. நட்டுக்கு அதை வாங்குங்கள். கம்பித் தூரிகையால் புரியைத் தேய்த்துவிட்டு, முதல் நாள் பின்னேரமே அடித்து ஊறவிட்டு, காலையில் திரும்ப அடிக்க வேண்டும். அடித்த கையோடு ஸ்பனரைப் போட்டு இழுத்தால் ஸ்டட் (நட்டு ஏறுகிற புரிக்கம்பி) முறியும். நீளமான செருகல் மூட்டில் எந்த எண்ணெயும் விளிம்பில் கொஞ்சத் தூரம்தான் போகும், ஏனென்றால் இரும்பு கறளாகும்போது பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், எண்ணெய் போக வழியே இருக்காது.

அப்புறம்தான் டோர்ச். உருக்கு ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை சூட்டுக்கு, ஏறத்தாழ 12 மைக்ரோமீற்றர் விரியும். 50 மில்லிமீற்றர் குழாயின் வெளிச்சுற்றை 500 பாகை ஏற்றினால் விட்டம் 0.3 மில்லிமீற்றர் பெருக்கும். பார்க்கச் சின்னக் கணக்கு, ஆனால் கறளின் பிடி உடைய அது போதும், உள்குழாய் குளிராக இருந்தால் மட்டும். நட்டில் இந்த டோர்ச் அதை வடிவாகச் செய்கிறது. சுவாலை கூராக இருப்பதால் ஸ்டட்டை விட்டுவிட்டு நட்டின் ஆறு முகத்தையும் சுற்றிச் சுற்றிக் காய்ச்சலாம். மங்கின சிவப்பு தெரிந்ததும் ஆறு முக சொக்கற்றைப் போட்டு (பன்னிரண்டு முகத்தது மூலையை உருட்டிவிடும்) முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைத்துவிட்டுப் பிறகு இளக்கினால், ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நட்டு வரும். திரும்ப இறுகினால் வலுக்கட்டாயம் பண்ணாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்க வேண்டும்.

குழாய் மூட்டில் கதை வேறு. சுவாலையின் சூடு குறைவென்றில்லை, ஒரு நிமிடத்துக்கு அது கொடுக்கிற வெப்பத்தின் அளவு காணாது. குழாய் நீளத்துக்கு வெப்பம் ஓடிவிடும், வெளிக்குழாய் சிவக்கிறதுக்கு முன்னமே உள்குழாயும் சூடாகிவிடும், இரண்டும் சேர்ந்து விரிந்தால் பிடி அப்படியே இருக்கும். கராஜில் ஒட்சி-அசிட்டிலீன் வைத்திருப்பவர்கள் அதே மூட்டைக் கெதியாகச் சிவக்க வைப்பது இதனால்தான். அதோடு யூ கிளாம்ப் (U வடிவக் கம்பிப் பிடி) போட்டு இறுக்கின இடத்தில் இரண்டு குழாயும் சேர்ந்து வளையமாக நெளிந்திருக்கும். கிளாம்பைக் கழற்றினாலும் அந்த நெளிவு விடாது, எவ்வளவு காய்ச்சினாலும் விடாது. தெரிந்த கராஜ்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “அண்ணை, அதோட மினக்கெடாதேங்கோ, வெளிக்குழாயை நீளப்பாட்டுக்குக் கீறி விடுங்கோ” என்றார். சரியான புத்தி. சைலன்சர் பெட்டி எப்படியும் எறியப்போகிறதென்றால் அதன் பக்கத்துக் குழாயில், நாலரை அங்குலக் கிரைண்டரில் 1 மில்லிமீற்றர் வட்டு போட்டு, உள்குழாயைத் தொடாமல் ஒரு கீறல். அதற்குள் உளியை வைத்துத் தட்டி வாயைத் திறந்து, பிடித்துத் திருகினால் உரிந்து வரும். இடையில் ஒரு கோடாகக் கறுப்புத் தூள் கொட்டும், உள்குழாய் பழுதில்லாமல் அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு டோர்ச் தேவையே இல்லை.

டோர்ச்சின் பெரிய குறை ஒன்று இருக்கிறது, கடையில் கேட்டு வாங்க வேண்டும். லொறிக்குக் கீழே படுத்தால் ரின்னைச் சரிக்காமல் பிடிக்கவே முடியாது. மலிவான தலைகளில் சரித்ததும் திரவக் காஸ் நேராக வெளியே வந்து, நீலச் சுவாலை திடீரென்று மஞ்சளாகி ஒரு முழ நீளத்துக்குப் பாயும். காஸ் குழாய் சுவாலைக்குள்ளால் சுற்றிப்போய்ச் சூடாகி வருகிற வகையும் இருக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள், அதையும் மூட்டிக் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்துவிட்டுச் சரியுங்கள். நான் எடுத்தது அந்த வகை, சொன்னபடி பாவித்தால் பாயவில்லை. மூட்டுகிற பொத்தான்தான் தரமில்லை, கையில் லைற்றர் வைத்திருங்கள்.

இன்னும் சில விஷயம், இவை விளையாட்டில்லை. பிறேக் கிளீனர் அடித்த இடத்தைக் காய்ச்ச வேண்டாம், குளோரீன் சேர்ந்த வகையென்றால் பொஸ்ஜீன் என்கிற நச்சுவாயு வரும். எண்ணெய் ஸ்பிரேயும் தீப்பிடிக்கும், துடைத்துவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். டீசல் குழாய், பிறேக் ஹோஸ், வயர் எந்தப் பக்கம் போகிறதென்று முதலே பார்த்து ஈரச்சாக்கால் மூடுங்கள், சைலன்சரைத் தாங்குகிற றப்பர் தொங்கலை முதலே கழற்றிவிடுங்கள் (சவர்க்காரத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்). எங்கள் மணல் முற்றங்களில் ஜக் புதையும், கீழே தடித்த பலகை வைத்து, ஸ்டாண்ட் போடாமல் ஒருவரும் கீழே போக வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது புரிக்குச் செப்புப் பசை பூசுங்கள், சுமார் 980 பாகை வரை தாங்கும், அடுத்த முறை ஸ்பனரோடு நட்டு வரும். யூ கிளாம்புக்குப் பதிலாகப் பட்டையான கிளாம்ப் கிடைத்தால் அது குழாயை நெளிக்காது. காஸ் ரின் நினைக்கிறதைவிடக் கெதியாக முடியும், இரண்டு வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். மிச்சத்தை லொறிக் கபினுக்குள் விட வேண்டாம். 50 பாகைக்கு மேல் சூடாக விடக்கூடாதென்று ரின்னிலேயே போட்டிருக்கும், எங்கள் சித்திரை வெயிலில் கண்ணாடி பூட்டின கபின் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.