தடுப்பூசி இழப்பீட்டு வழக்கை நடத்திக் கொடுத்த வழக்கறிஞர் அலுவலகம்: எங்கள் மதிப்பீடு

ஃப்ளூ தடுப்பூசியைத் தோளில் மிக மேலே குத்தியதால் மூட்டு பாதிக்கப்பட்டது என்ற என் கணவரின் கோரிக்கையை, அமெரிக்காவின் தேசியத் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ், மனு எழுதியதிலிருந்து சமரசம் முடியும்வரை இந்த அலுவலகமே நடத்திக் கொடுத்தது. அவர்களுடைய வேலையில் எனக்கு நிறைவு. தகவல் சொல்வதில் மட்டும் குறை உண்டு.

கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1988 முதல் நடைபெறும் இத்திட்டத்தில் இழப்பீட்டுத் தொகையில் பங்கு கேட்க வழக்கறிஞருக்கு உரிமை கிடையாது. நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் தொடுத்த மனு தோற்றால்கூட, தடுப்பூசிகள்மீது விதிக்கப்படும் வரியில் சேரும் நிதியிலிருந்து அவருடைய கட்டணத்தை வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். எங்களுக்குக் கிடைத்த தொகையில் அவர்கள் ஒரு சென்ட்கூட எடுக்கவில்லை.

அவர்களுடைய திறமை தெரிந்தது மருத்துவப் பதிவுகளைப் படித்த விதத்தில்தான். இவ்வகைத் தோள் பாதிப்பு 2017இல் திட்டத்தின் பாதிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருந்தால், தடுப்பூசியே காரணம் என்ற அனுமானம் மனுதாரருக்குச் சாதகமாக அமையும். ஆனால் பிசியோதெரபி குறிப்பு ஒன்றில், வலி "சில வாரங்களாக" இருப்பதாக மட்டும் ஒரு வரி இருந்தது. நாங்கள் பலமுறை புரட்டியும் கண்ணில் படாத அந்த வரியை உதவி வழக்கறிஞர் கண்டுபிடித்து, எதிர்த்தரப்பு முதலில் கை வைக்கும் இடம் அதுதான் என்று எச்சரித்தார். ஊசி போட்ட அன்றிரவே கையைத் தூக்க முடியவில்லை என்று என் கணவர் தம் அக்காவுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியையும் அக்காவின் பிரமாண வாக்குமூலத்தையும் சேர்த்தே மனுவைத் தாக்கல் செய்தார்கள்.

இவ்வழக்கில் எதிர்த்தரப்பு மருந்து நிறுவனமோ ஊசி போட்டவரோ அல்ல. சுகாதாரம் மற்றும் மனிதச் சேவைகள் துறையின் செயலாளர். அவர் சார்பில் வாதிடும் நீதித் துறை வழக்கறிஞர்கள் சமரசத்துக்கு இசைந்தபோது வந்த ஒப்பந்தத்தில், தடுப்பூசியால்தான் பாதிப்பு நேர்ந்தது என்பதை அரசு மறுக்கிறது என்ற வாசகம் இருந்தது. என் கணவருக்கு அது மிகவும் மனவருத்தத்தைத் தந்தது. கையெழுத்துக்கு அவசரப்படுத்தாமல், சமரசத்தில் அந்த வாசகம் வழக்கமானது என்பதையும், மறுத்தால் சிறப்பு நடுவரின் தீர்ப்புக்கு எவ்வளவு காலம் காத்திருக்க நேரும், வலிக்கும் வேதனைக்கும் சட்டம் விதித்த 2,50,000 டாலர் உச்சவரம்புக்குள் எங்கள் வழக்கின் மதிப்பு எங்கே நிற்கும் என்பதையும் மூத்த வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். முடிவை எங்களிடமே விட்டார். ஒப்புக்கொண்டது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

குறை என்று பார்த்தால், பதிவுகள் போய்ச் சேர்ந்த பிறகு நெடுநாள் மௌனம். அரசுத் தரப்பு ஆய்வு மெதுவாகத்தான் நடக்கும் என்பது புரிகிறது. அதையாவது மின்னஞ்சலில் தெரிவித்திருக்கலாம்.

முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாக வேண்டும் என்பதால், பாதிப்பு இருப்பவர்கள் காலம் கடத்தாமல் இவர்களை அணுகலாம். கோவிட் தடுப்பூசி தொடர்பாகக் கேட்டுப் போன எங்கள் நண்பரிடம், அது வேறொரு திட்டத்தில் வருகிறது, அங்கே ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு, வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்காது என்று முதல் தொலைபேசி உரையாடலிலேயே பணம் வாங்காமல் சொல்லி, விண்ணப்பிக்க வேண்டிய முறையையும் விளக்கியிருக்கிறார்கள்.